பொதுமக்களுக்கு அல்லாத ஒரு வரி

செவல்பேட்டைக்காரர்களுக்கு எது மறந்தாலும், தளவாயின் குரல் ஊர்த் தொண்டைகளில் வந்து குடியேறியது ஒரு விஜயதசமிக்கு மறுநாள் காலை என்பது மட்டும் மறக்காது, ஏனென்றால் முதன்முதலில் அந்தக் குரல் வாய்த்தவர் ஜவுளிக்கடை குற்றாலம் அண்ணாச்சி, அவர் கண்விழித்ததும் மனைவியிடம் காப்பி கேட்கத்தான் வாயைத் திறந்தார், வந்ததோ, அன்பார்ந்த செவல்பேட்டை வாழ் பொதுமக்களே, குழாய் பழுது காரணமாக இன்றும் நாளையும் குடிநீர் வராது என்ற அறிவிப்பு, அந்த அம்மாளும் இது செத்துப்போன தளவாயின் குரல் ஆயிற்றே என்றெல்லாம் நின்று யோசிக்காமல், அண்டா, குடம், தவலை என்று வீட்டில் இருந்த அத்தனையிலும் தண்ணீர் பிடித்து நிரப்பிவிட்டுத்தான் காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றினார். தளவாய் சொன்னால் குழாய் கேட்கும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தளவாய் உயிரோடு இருந்த காலம் முழுக்க ஊருக்குப் பொதுவான குரல் அவருடையதுதான். ஆடித் தள்ளுபடியா, கண் சிகிச்சை முகாமா, தேரோட்டமா, சாவா, எதுவானாலும் அவர் வீட்டுக்கு வந்து விவரம் சொல்லிவிட்டுப் போவார்கள், அவர் பின்கட்டு அறையில் சுவர் நெடுகச் சமுக்காளங்களைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, கம்ப்யூட்டருக்கு முன்னால் மைக்கை வைத்துப் பேசிப் பதிவு செய்வார், அந்தப் பதிவு ஆட்டோவில் ஏறி ஊரைச் சுற்றும். அவர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய சாவு அறிவிப்பைப் படிக்க ஊரில் ஆள் இல்லாமல் ஆட்டோ சும்மாவே சுற்றி வந்தது, அதைப் பார்த்தே ஜனங்கள் புரிந்துகொண்டு வாசலில் வந்து நின்றார்கள்.

அவர் மனைவி செண்பகவல்லிக்கு மிஞ்சியது அந்தக் கம்ப்யூட்டர். அதற்குள் இருந்த நூற்றுக்கணக்கான அறிவிப்புகள் அவளுக்குப் பொருட்டே இல்லை, அவையெல்லாம் பொதுமக்களுக்கு. அவளுக்கென்று அதில் இருந்தது ஒரே ஒரு ஃபைல். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இருக்கும் இருமல், கனைப்பு, கதவுச் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் தளவாய் பதிவை வெளியே அனுப்புவார், எப்படியோ ஒரே ஒரு வெட்டுத்துண்டு அழிக்கப்படாமல் ஒரு மூலையில் கிடந்தது, அதில் அறிவிப்பு எதுவும் இல்லை, அவர் குரல் மட்டும், "செம்பா, ஃபேன நிறுத்து" என்கிறது, அவ்வளவுதான், அத்தோடு முடிந்துவிடுகிறது. ஃபேன் ஓடினால் மைக்கில் இரையும், அதனால் சொன்னது. ஊருக்கு அவள் மைக்செட்டுக்காரர் வீட்டம்மா, சொந்தக்காரர்களுக்கு மதினி, அத்தை, சித்தி. செம்பா என்று கூப்பிட்ட ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான், அவர் போன பிறகு அந்தப் பெயரும் அந்த ஃபைலில் மட்டுமே இருந்தது, அவள் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து அதை ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெபராஜ், தளவாய் மேல் மரியாதை உள்ளவன், அவனாகவே வந்து எல்லாவற்றையும் ஒரு சின்ன டிஸ்க்கில் பேக்கப் எடுத்துக் கொடுத்தான், கொடுத்துவிட்டு, இதை இந்த வீட்டில் வைக்காதீர்கள், என் கடையிலோ உங்கள் அக்கா வீட்டிலோ இருக்கட்டும், ஒன்றுக்கு ஏதாவது ஆனால் இன்னொன்று பிழைக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னான். செண்பகவல்லி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அவரு ராத்தங்கல்னு ஒரு வீட்டுக்குப் போனவரு கெடையாது தம்பி. இப்பப் போயி அடுத்த வீட்டுல வைக்கச் சொல்லுதியே."

ஜெபராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். டிஸ்க் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே, அதே மேஜையில், அதே துணியால் மூடப்பட்டு இருந்தது.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. ஊரில் அரிவாள்மனை குளித்தது, அம்மி குளித்தது, சைக்கிளும் தையல் மிஷினும் தராசும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டன. இத்தனையும் குளிக்கும்போது அவர் பிழைத்த பிழைப்புக்கான சாமான் மட்டும் குளிக்காமல் இருப்பதா என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே சேர்ந்திருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனத்தைக் குழைத்து முன்னும் பின்னும் அப்பி, பேக்கப் டிஸ்க்குக்கும் அதே மாதிரி செய்து, இரண்டும் பிரிந்திருக்கக் கூடாது என்று வயரைச் செருகி ஒன்றோடு ஒன்றாக்கி, ஒரே முழம் பிச்சிப்பூவை இரண்டுக்கும் சேர்த்துச் சுற்றிவிட்டாள். மனசார, குறையில்லாமல் செய்தாள். மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை முடித்து, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டாள். டப் என்று ஒரு சத்தம், பிறகு சந்தனம் கருகும் வாசனை. ஜெபராஜ் ஓடிவந்து பார்த்தான், இரண்டும் போயிருந்தன, பெரிய ஊர்களில் கொடுத்துப் பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை என்றான், அவளைத் திட்ட வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அதற்கு மறுநாள்தான் குற்றாலம் அண்ணாச்சி வாயிலிருந்து குடிநீர் அறிவிப்பு வந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் விவரம் தெளிவாகிவிட்டது. கருகிப்போன ஃபைல்கள் ஆளுக்கு ஒன்றாக ஊர்த் தொண்டைகளில் வந்து உட்கார்ந்திருந்தன, காலையில் ஒருவர் முதல் தடவையாக வாயைத் திறக்கும்போது அது தானாக வெளியே வரும், வந்து முடிந்த பிறகு மிச்சப் பொழுதுக்கு அவரவர் குரலில் அவரவர் பேசிக்கொள்ளலாம். வேதநாயகி டீச்சருக்குக் கோயில் திருவிழாவில் காணாமல்போன பச்சைச் சட்டைப் பையன் வாய்த்தான், அந்தப் பையன் இப்போது ரேஷன் கடையில் எடைபோடுகிற ஆள், அவன் டீச்சர் வீட்டுக்கு வந்து, தன்னை ஊர் தேடியதைக் கண்கலங்கக் கேட்டுவிட்டுப் போனான். சாவு அறிவிப்புகள் வாய்த்தவர்கள் முதலில் சங்கடப்பட்டார்கள், பிறகு அந்தந்த வீட்டுக்காரர்களே திதியன்று வந்து ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். கல்யாணத்துக்கு மட்டும், அப்பேர்ப்பட்டவர்கள் தங்கள் வீட்டிலேயே வாயைத் திறந்துவிட்டு வரவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஒன்றும் வாய்க்காதவர்களும் இருந்தார்கள். மோர் விற்கிற கோமுவுக்கு வாய்க்கவில்லை, அவளுக்கு அதில் வருத்தம்தான், இருந்தாலும் தெருத் தெருவாகக் கூவிப் பிழைக்கிற தொண்டைக்கு இருக்கிற குரலே போதும் என்று சொல்லிக்கொண்டாள்.

குரல் இப்படியே இருந்துவிடாது என்பதும் சீக்கிரத்தில் தெரிந்தது. மதுரைக்கு வாக்கப்பட்டுப் போன ஒரு பெண், ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் தொண்டை சுத்தமாகிவிட்டதாகப் போன் பண்ணினாள். பழைய போஸ்ட்மேன் இறந்தபோது அவரோடு பொருட்காட்சி அறிவிப்பும் போய்விட்டது, இரண்டுக்கும் சேர்த்தே ஊர் துக்கப்பட்டது. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சைதான் வழி கண்டுபிடித்தார், அவராகக் கண்டுபிடித்தார் என்றும் சொல்ல முடியாது, அவர் பாதி குடித்து வைத்திருந்த டீயைச் சலூன் ராசையா தன்னுடையது என்று நினைத்து எடுத்துக் குடித்துவிட்டான், மறுநாள் காலையில் மைதீன் பிச்சைக்கு இருந்த போலியோ சொட்டுமருந்து அறிவிப்பு ராசையாவுக்கும் வந்தது, மைதீன் பிச்சையிடமும் அது குறையாமல் அப்படியே இருந்தது. விஷயத்தைக் கேட்ட ஜெபராஜ், இதற்குப் பெயர்தான் பேக்கப், இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன் என்றான், கேட்க அங்கே செண்பகவல்லி இல்லை.

அன்றிலிருந்து எச்சில் டீ ஊர்க் காரியமாகிவிட்டது. சிலருக்கென்று தனி டம்ளரை வெளியே கம்பியில் மாட்டி வைத்திருந்த ஊர் அது, அந்தக் கம்பி கழன்று ரொம்ப வருஷம் ஆகவில்லை, அதைப்பற்றி யாரும் பேச விரும்புவதும் இல்லை. தேரோட்ட அறிவிப்பு, தளவாய் பேசியதிலேயே உசத்தியானது, அது வாய்த்திருந்தது தெற்குத்தெருவில் தப்படிக்கும் மாடசாமிக்கு. கோயில் தர்மகர்த்தாவுமான குற்றாலம் அண்ணாச்சி ஒரு நாள் காலையில் டீக்கடைக்கு வந்தார், மாடசாமி பாதி குடித்து நீட்டிய டம்ளரை வாங்கினார், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்த நாள் அண்ணாச்சி வாயில் குடிநீர் அறிவிப்புக்குப் பதிலாகத் தேர் ஓடியது.

இத்தனைக்கும் நடுவில் செண்பகவல்லி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் முதல் வாய் திறக்கும் நேரத்துக்கு ஏதாவது ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பாள், மைக்செட்டுக்காரர் வீட்டம்மா வந்திருக்கிறாள் என்று அவர்களும் மரியாதையாக அவளுக்கு எதிரில் நின்று வாயைத் திறப்பார்கள், அன்பார்ந்த செவல்பேட்டை வாழ் பொதுமக்களே என்று தளவாய் பேசுவார், அவள் முடிகிறவரை கேட்டுவிட்டு, அதுக்கு முன்னால ஒண்ணும் இல்லையா என்று கேட்பாள், இல்லை என்பார்கள், அடுத்த நாள் அடுத்த வீடு. வடக்குத்தெரு முடிந்தது, தெற்குத்தெரு முடிந்தது, கீழரத வீதியும் முடிந்தது, எல்லா வாயிலும் அவர் இருந்தார், எல்லா வாயிலும் அவர் பொதுமக்களைத்தான் கூப்பிட்டார், முன்னால் ஒன்றும் இல்லை. புருஷனின் குரல் ஊர் முழுக்க ஒலிக்க, அதில் தனக்கென்று ஒரு சொல் இல்லாமல் நடப்பது அவளுக்குத் தாங்கவில்லை. வெறும் சாவாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள்.

அவள் போகாத வாசல் ஒன்றே ஒன்றுதான், அது தளவாயின் தம்பி ஆவுடையப்பனுடைய மாவு மில். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் போனதும் ஓர் அறிவிப்பால்தான். அவர்கள் அம்மா இறந்தபோது அந்தச் சாவு அறிவிப்பைத் தளவாயே படித்தார், மகன்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனவர், துக்கத்தில் தம்பி பெயரை விட்டுவிட்டார், ஆட்டோ ஊரைச் சுற்றிவிட்டது. பெற்ற தாயின் சாவில் என் பெயர் இல்லையா என்று ஆவுடையப்பன் போனவன்தான், அண்ணன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அண்ணன் திரும்பப் பதிவு செய்யவும் இல்லை, மன்னிப்பு கேட்கவும் இல்லை. ஊருக்கெல்லாம் பேசுகிறவருக்குத் தம்பியிடம் பேச வாய் வரவில்லை.

ஆவுடையப்பனுக்கு எந்த ஃபைல் வாய்த்தது என்று யாருக்கும் தெரியாது. அவன் காலையில் வாயை இறுக்க மூடிக்கொண்டு மில்லுக்கு வருவான், மோட்டாரைப் போட்ட பிறகுதான் வாயைத் திறப்பான், அந்த இரைச்சலில் அவன் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். ஒரு நாள் கோமு கேப்பை திரிக்கப் போய் நின்றிருந்தபோது, அவன் மோட்டாரைப் போட்டு வாயைத் திறந்த அதே நொடியில் கரண்டு போய்விட்டது. மில் சட்டென்று அடங்கிய அந்த அமைதியில், தளவாய் யாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வதுபோல் மெதுவாக, "செம்பா, ஃபேன நிறுத்து" என்றார். கோமு திரிக்க வந்த கேப்பையை அங்கேயே போட்டுவிட்டு செண்பகவல்லி வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அவியகிட்ட இருக்கு மதினி. ஆனா அவிய நாளைக்கு மொத பஸ்ஸுல பூனாவுக்குப் போறாவ, மக வீட்டோட. மில்ல வித்தாச்சாம்."

பாலத்தைத் தாண்டினால் தங்காது. அது செண்பகவல்லிக்கும் தெரியும், ஆவுடையப்பனுக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலையில் அவள் தன் வயதுக்கு முதல் தடவையாக ஒரு டீக்கடைக்குள் போனாள், துணைக்குக் கோமு. மைதீன் பிச்சை பதறிப்போய்ப் பெஞ்சைத் துடைத்தார். ஆவுடையப்பன் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இன்னும் அன்றைக்கு அவன் வாயைத் திறந்திருக்கவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். தம்பி, உங்ககிட்ட இருக்கது எனக்குத் தெரியும் என்றாள் அவள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். வாயத் தொறங்க தம்பி என்றாள். சலூன் ராசையா, ஜெபராஜ், மாடசாமி, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயைத் திறந்தான்.

"செம்பா, ஃபேன நிறுத்து."

அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அதே குரல், அதே அவசரம், செம்பாவில் கொஞ்சம் இழுத்து ஃபேனில் சுருக்கிக்கொள்கிற அதே வாகு. ஆவுடையப்பன் தன் சொந்தக் குரலில் பேசினான்.

"எம்பேர ஊருக்குச் சொல்ல மறந்துட்டான் மதினி. உங்க பேர எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்கான். இத்தன வருசம் கழிச்சு என் வாயில வந்து பேசுதான், பேசுததும் எங்கூட இல்ல. எங்கூட இல்லன்னாலும் அவன் சத்தம்தான, அதான் யாருக்கும் சொல்லல."

அவள் அவனைக் கோபித்துக்கொள்ளத்தான் வந்தாள், இப்போது கோபம் வரவில்லை. எனக்கு அது வேணும் தம்பி என்று மட்டும் சொன்னாள். அவன் டீ வாங்கிப் பாதி குடித்து, மீதியை மேஜையில் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். புருஷன் சாப்பிட்ட இலையில் பொண்டாட்டி சாப்பிடலாம், கொழுந்தன் எச்சிலை அண்ணன் பொண்டாட்டி, அதிலும் தாலியறுத்தவள், நாலு பேர் பார்க்கக் குடிப்பது எச்சில் டீக்குப் பழகிப்போன செவல்பேட்டைக்கும் புதுசுதான். அவள் அதையெல்லாம் முந்தின நாளே யோசித்து முடித்திருந்தாள். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று டம்ளரை எடுத்தாள், உதடுவரை கொண்டுபோனாள், அங்கே நிறுத்திவிட்டாள்.

குடித்தால் நாளைக் காலையில் என்ன நடக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. விழித்ததும் அவள் வாயைத் திறப்பாள், அவள் வாயே செம்பா என்று கூப்பிடும், யாருமில்லாத வீட்டில் அவளே கூப்பிட்டு அவளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"என் தொண்டையில இருந்தா என்ன யாரு தம்பி கூப்பிடுவா?" என்றாள்.

பிறகு டம்ளரைக் கோமுவிடம் நீட்டினாள். நீ குடி, மிச்சம் வச்சு ராசையாவுக்குக் குடு, அவன் மாடசாமி அண்ணனுக்குக் குடுக்கட்டும், யாருக்கு வேணுமோ குடிக்கட்டும் என்றாள். உங்க பேரு ஊர் வாயில எல்லாம் போயிருமே மதினி, அது அவன் உங்களுக்குன்னு வச்சிருந்த பேருல்லா என்று ஆவுடையப்பன் தவித்தான். போவட்டும், எங்கிட்ட மட்டும் வச்சிருந்துதான் ஒருதரம் தொலைச்சேன் என்றாள் அவள். கோமு ஒரு மிடறு குடித்தாள். டம்ளர் கை மாறிக் கை மாறிப் போயிற்று, டீ குறையக் குறைய மைதீன் பிச்சை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

பஸ் வந்தது. ஆவுடையப்பன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் கிளம்பிப் பாலத்தை நோக்கிப் போகிறவரை அவன் வாயை மூடவே இல்லை என்றும், என்ன பேசினான் என்பது மட்டும் கேட்கவில்லை என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்தது செவல்பேட்டைக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் கோமு எழுந்தது முதல் வாயைத் திறக்கவில்லை. புருஷன் ஏதோ கேட்டதற்குத் தலையை ஆட்டினாள், பிள்ளைகளைச் சைகையால் எழுப்பினாள், மோர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, கூவாமல், ஒரு வியாபாரமும் பண்ணாமல், வாடிக்கைக்காரர்கள் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் தெருக்களைக் கடந்து வந்து, செண்பகவல்லி வீட்டு வாசலில் நின்றுதான் வாயைத் திறந்தாள்.

"செம்பா, ஃபேன நிறுத்து."

உள்ளே செண்பகவல்லி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் நிறுத்தினாள். நிறுத்திவிட்டுப் பழக்கதோஷத்தில் சுவரோடு சேர்ந்து, வளையல் சத்தம் வராமல் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றாள். பதிவு ஓடும்போது ஒரு சின்னச் சத்தமும் கூடாது, அதனால் அத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அவர் அப்படிச் சொன்ன ஒரு தடவைகூட அவள் பதில் பேசியதில்லை, பேசாமல் நிறுத்துவாள், பேசாமல் வேர்த்துக்கொண்டு நிற்பாள். இப்போதும் நின்றாள். அன்பார்ந்த என்று அவர் தொடங்குவதற்காகக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பின்கட்டில் மைக்கும் இல்லை, எதுவும் பதிவாகவில்லை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"நிறுத்திட்டேன்," என்றாள் வாசலைப் பார்த்து. "சொல்லுங்க."

கோமு பானையை இறக்கி வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.